பதினெட்டாம் இடம்: தரமிறக்கக் கணக்கைப் போடுவது எப்படி?

2024–25 பருவத்தில் பாளையங்கோட்டையில் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகராக இருந்தவர்கள் பாவம். இங்கிலாந்துக் கால்பந்தில் இருபது அணிகள் ஆடும் பிரீமியர் லீக்கில் அவர்கள் அணி 15ஆம் இடம். டாட்டன்ஹாம் அதைவிட மோசம், 17ஆம் இடம். அதே மே மாதத்தில் இந்த இரண்டு அணிகளும் ஐரோப்பிய அணிகளுக்கான யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் மோதி, டாட்டன்ஹாம் 1–0 என்று கோப்பையைத் தூக்கிச் சென்றது தனிக் கதை. அதற்கு முந்தைய மாதங்களில் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் டீக்கடைகளில் நடந்த விவாதத்தைக் கேட்டிருக்க வேண்டும். "கீழே போய்விடுமோ?" என்று ஒருவர் பயந்தார். "அதெல்லாம் நடக்கவே நடக்காது" என்றார் இன்னொருவர். "கணக்குப்படி இன்னும் இடமிருக்கிறது" என்று மூன்றாமவர் முடித்துவைத்தார். மூவரும் ஒன்றையே பேசுவதாக நினைத்துக்கொண்டு வெவ்வேறு விஷயங்களைப் பேசினார்கள்.

இந்தக் குழப்பத்தில் கிரிக்கெட்டுக்கும் பங்குண்டு. ஐபிஎல் வந்தால் நம் ஊரில் எல்லோரும் கணக்கு வாத்தியார்தான். அவன் தோற்று, இவன் ஜெயித்து, நெட் ரன்ரேட் ஏறினால் நாம் பிளே-ஆஃப் போய்விடலாம் என்று கைப்பேசியில் தட்டிக்கொண்டிருப்போம். மேலே உள்ள நான்கு இடங்களுக்குள் நுழையப் பழகிய அந்தக் கணக்கை அப்படியே தூக்கிவந்து, கீழே உள்ள மூன்று இடங்களிலிருந்து தப்பிக்கும் கணக்கில் வைத்தால் இடறுகிறது. எங்கே இடறுகிறது என்று பார்க்கலாம்.

கீழே போவது என்றால்

கால்பந்தில் ஒரு நாட்டின் லீக் மாடி வீடுபோல அடுக்கடுக்காக இருக்கும். பருவ முடிவில் ஓர் அடுக்கின் கடைசி இடங்களில் உள்ள அணிகள் அடுத்த ஆண்டு கீழ் அடுக்கில் ஆட வேண்டும். அதற்குப் பெயர் தரமிறக்கம். கீழ் அடுக்கின் சிறந்த அணிகள் அந்த இடங்களுக்கு ஏறிவருவது தரவுயர்வு.

இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கில் 20 அணிகள். 18, 19, 20ஆம் இடங்களில் முடிப்பவை இறங்கும். இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள். அங்கே முதல் இரண்டு அணிகள் நேராக ஏறும். 2024–25இல் 3 முதல் 6 வரை முடித்த நான்கும் தமக்குள் மோதி ஒன்று ஏறியது.

சங்கர் நகர் மைதானத்தில் டிஎன்பிஎல் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றும். அங்கே கடைசி இடம் பிடித்த அணியும் அடுத்த ஆண்டு அதே சட்டையில் அதே லீக்கில் ஆடும். ஐபிஎல்லும் அப்படித்தான். கால்பந்திலேயே நம் இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தரமிறக்கம் இல்லாமல்தான் தொடங்கியது. இங்கிலாந்தில் கடைசி இடத்துக்கு விலை அதிகம். தொலைக்காட்சி உரிமத்திலிருந்து வரும் பங்கு சரியும், நல்ல ஆட்டக்காரர்களை விற்க வேண்டிவரும், அலுவலக ஊழியர் வேலைக்கும் ஆபத்து வரும். அதனால்தான் கோப்பைக்கான போட்டி முடிந்த பிறகும் அடிவாரத்தில் மே மாதம் வரை அனல் பறக்கிறது.

பெரிய அணி இறங்காது என்று சட்டம் எதுவும் இல்லை. மான்செஸ்டர் யுனைடெட் 1974இல் இறங்கியது. அவர்களுடைய பழைய நாயகன் டெனிஸ் லா, எதிரணி மான்செஸ்டர் சிட்டிக்காக ஆடிக் குதிகாலால் ஒரு கோல் அடித்தார். அந்த ஒரு கோல்தான் யுனைடெட்டை இறக்கியது என்று இன்றும் சொல்வார்கள். உண்மையில் அன்று மற்ற ஆட்டங்களின் முடிவுகளே யுனைடெட்டை இறக்கிவிட்டன. அந்தக் கோல் விழாதிருந்தாலும் அதே கதிதான். மற்ற மைதானங்களைப் பார்க்காமல் பேசும் வழக்கம் அவ்வளவு பழையது.

புள்ளியும் கோல் வித்தியாசமும்

வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு ஆளுக்கு 1, தோல்விக்குச் சுழி. வெற்றிக்கு 2 புள்ளி என்றிருந்ததை இங்கிலாந்து 1981இல் மூன்றாக உயர்த்தியது. ஒவ்வோர் அணியும் மற்ற 19 அணிகளுடன் சொந்த மைதானத்தில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை ஆடும். ஆக 38 ஆட்டங்கள்.

இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் முடித்தால் கோல் வித்தியாசம் பார்க்கப்படும். பருவம் முழுவதும் அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது அது. அடிவார அணிகளுக்குப் பெரும்பாலும் அது கழித்தல் குறியோடுதான் இருக்கும்.

அது என்ன செய்யும் என்பதற்கு 2008 மே மாதத்து ஃபுல்ஹம் போதும். கடைசி ஆட்டத்துக்கு முன் ஃபுல்ஹமும் ரெடிங்கும் தலா 33 புள்ளி. கோல் வித்தியாசத்தில் ஃபுல்ஹம் ஆறு கோல் முன்னே. ரெடிங் டெர்பியில் போய் 4–0 என்று வென்றது. தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டது. ஃபுல்ஹமோ போர்ட்ஸ்மத்தில் கோலே இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது. 76ஆம் நிமிடம் டேனி மர்ஃபி தலையால் முட்டி ஒரு கோல். இரண்டு அணிகளும் 36 புள்ளியில் முடித்தன. ஃபுல்ஹம் கழித்தல் 22, ரெடிங் கழித்தல் 25. மூன்று கோல் வித்தியாசத்தில் ரெடிங் இறங்கியது. எங்கோ ஒரு குளிர்கால மாலையில் 4–0 என்று பின்தங்கியபோது, ஆனது ஆகட்டும் என்று விட்டுவிடாமல் ஐந்தாவது கோலைத் தடுப்பதற்கு இருக்கிற மதிப்பு இதுதான்.

எல்லா நாட்டிலும் இதே விதி இல்லை. ஸ்பெயினில் சமப் புள்ளி என்றால் அந்த இரு அணிகளும் தமக்குள் மோதிய ஆட்டங்களின் முடிவை முதலில் பார்ப்பார்கள். ஜெர்மனியில் 18 அணிகள். கடைசி இரண்டு நேராக இறங்கும், 16ஆம் இடம் இரண்டாம் அடுக்கின் மூன்றாம் அணியோடு மோதித் தன் இடத்தைக் காப்பாற்ற வேண்டும். நீங்கள் பார்க்கும் லீக்கின் விதியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கட்டுரை இங்கிலாந்தோடு நிற்கிறது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: கடைசி மூன்று இடங்கள் இறங்கும், வரிசையைப் புள்ளி தீர்மானிக்கும், புள்ளி சமம் என்றால் கோல் வித்தியாசம்.

பாபநாசத்து நீர்மட்டம்

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் போட்டவர்கள் காலையில் பத்திரிகையை விரித்ததும் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அணையின் முழு உயரம் 143 அடி. இன்று எத்தனை அடி என்பது மட்டும் தெரிந்தால் போதாது. அறுவடைக்கு இன்னும் எத்தனை நாள், நாளொன்றுக்கு எவ்வளவு திறக்கிறார்கள், வடகிழக்குப் பருவமழை இன்னும் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது, நமக்கு மேலே கன்னடியன் கால்வாயும் கோடகன் கால்வாயும் எடுத்தது போக பாளையங்கால்வாய்க்கு என்ன வரும் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பயிர் தேறுமா என்று சொல்வார்கள். அறுபது அடி என்பது ஜனவரி கடைசியில் நிம்மதி. நடவு முடிந்த கையோடு அதே அறுபது அடி என்றால் கவலை.

தரமிறக்கக் கணக்கின் உறுப்புகளும் இவையே. கையில் உள்ள புள்ளி, மீதமுள்ள ஆட்டங்கள், ஆட்டத்துக்குச் சராசரியாக எடுக்கும் புள்ளி, இனி வரப்போகும் எதிரணிகள், பக்கத்து அணிகள் எடுக்கப்போவது. நம் ரசிகர்கள் இவற்றில் முதலாவதை மட்டும், அதையும் இடமாக மாற்றி, "பதினேழாவது" என்று சொல்லிக் கவலைப்படுகிறார்கள்.

டாட்டன்ஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். 17ஆம் இடம் என்றால் ஆபத்தின் விளிம்பு என்றுதான் காதில் விழுகிறது. ஆனால் அவர்கள் முடித்தது 38 புள்ளியில். 18ஆம் இடத்து லெஸ்டர் 25. நடுவில் 13 புள்ளி, அதாவது நான்கு வெற்றிக்கும் மேல். அவமானம் இருந்தது, ஆபத்து இல்லை. 2022–23இல் எவர்ட்டனும் 17ஆம் இடம்தான். ஆனால் அவர்கள் 36, லெஸ்டர் 34. கடைசி நாளில் போர்ன்மத்தை 1–0 என்று வென்றுதான் மூச்சு விட்டார்கள். இடம் ஒன்றே, நிலைமை வேறு. பட்டியலைப் பார்க்கும்போது இட எண்ணை விட்டுவிட்டு 18ஆம் அணிக்கும் உங்கள் அணிக்கும் உள்ள புள்ளி இடைவெளியைப் பாருங்கள்.

அணைக் கணக்கோடு கால்பந்து ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. நெற்பயிருக்கு இவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அனுபவத்தில் ஓர் அளவு இருக்கிறது. இத்தனை புள்ளி எடுத்தால் தப்பித்தாய் என்று கால்பந்தில் எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. அங்கேதான் அடுத்த தவறு.

நாற்பது புள்ளி என்ற நம்பிக்கை

"நாற்பது தொட்டால் பிழைத்தோம்." வர்ணனையாளர்கள் சொல்வார்கள், பயிற்சியாளர்கள் சொல்வார்கள், நாமும் சொல்கிறோம். பழைய அனுபவத்திலிருந்து வந்த கைக்கணக்கு அது. முற்றிலும் பொய் இல்லை. ஆனால் விதியும் இல்லை.

2002–03இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. 38 ஆட்டப் பருவத்தில் அதைவிட அதிகம் எடுத்து எந்த அணியும் இறங்கியதில்லை. 2010–11இல் பர்மிங்ஹாமும் பிளாக்பூலும் தலா 39 எடுத்து இறங்கின. மறுபக்கம், 2023–24இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 32 புள்ளியோடு தங்கியது. 18ஆம் இடத்து லூட்டன் 26 மட்டுமே எடுத்ததால் 27 எடுத்திருந்தாலே போதும். அதற்கு அடுத்த பருவத்தில் 26 போதும்.

இன்னும் வேடிக்கை 34 என்ற எண். 2004–05இல் வெஸ்ட் பிராம் 34 புள்ளி எடுத்துத் தப்பியது. மறு ஆண்டு பர்மிங்ஹாம் அதே 34 எடுத்து இறங்கியது. ஒரே மதிப்பெண், போன வருடம் தேர்ச்சி, இந்த வருடம் தோல்வி.

காரணம் எளிது. தப்பிக்கும் கோடு என்பது 18ஆம் இடத்தில் முடிக்கும் அணியின் புள்ளிதான். அந்த அணி எவ்வளவு எடுக்கும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். அடிவாரத்தில் மூன்று அணிகள் மிக நலிந்து கிடந்தால் கோடு சட்டென்று கீழே இறங்கிவிடும். 2023–24இலும் 2024–25இலும் அப்படித்தான். அந்தந்த ஆண்டு புதிதாக ஏறிவந்த மூன்று அணிகளும் அப்படியே திரும்பி இறங்கின. ஆறேழு அணிகள் ஒருவருக்கொருவர் சளைக்காமல் நெருக்கிக்கொண்டு நின்றால் கோடு ஏறும்; 2010–11 அப்படிப்பட்டது. ஆகவே டிசம்பரில் நாற்பது என்று பேசுவதில் தவறில்லை. ஏப்ரலில் பேசக் கூடாது. ஏப்ரலில் 18ஆம் அணி இப்போது போகும் வேகத்தில் எங்கே முடிக்கும் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு வெற்றியைச் சேர்த்துக்கொள்வது நியாயமான குறி.

"முடியும்" வேறு, "நடக்கும்" வேறு

டீக்கடையின் மூன்றாமவர் சொன்ன "கணக்குப்படி இடமிருக்கிறது" என்பதற்கு வருவோம். பத்திரிகைகளில் "கணித ரீதியாகத் தரமிறக்கம் உறுதி" என்று எழுதுவார்கள். அதன் பொருள்: மீதி எல்லா ஆட்டங்களையும் வென்றாலும் 17ஆம் அணி இப்போது வைத்திருக்கும் புள்ளியை எட்ட முடியாது. இதைச் சோதிக்க மீதி ஆட்டங்களை மூன்றால் பெருக்கி, கையிலுள்ள புள்ளியோடு கூட்டினால் முடிந்தது.

2025 ஏப்ரல் 6 அன்று சவுத்தாம்டன் டாட்டன்ஹாமிடம் 3–1 என்று தோற்றபோது கையில் 10 புள்ளி, மீதி ஏழு ஆட்டம். ஏழையும் வென்றால் 21, மொத்தம் 31. 17ஆம் இடத்து வுல்வ்ஸிடம் அப்போதே 32. கதை முடிந்தது. ஏழு ஆட்டம் மிச்சமிருக்க இறங்கிய அணி பிரீமியர் லீக்கில் அதற்கு முன் இல்லை.

சரி, முந்தைய நாள் நிலைமை என்ன? மீதி எட்டு ஆட்டம், எட்டையும் வென்றால் 34. ஆகவே முந்தைய நாள் வரை கணக்குப்படி வாய்ப்பு இருந்தது! அதுவரை 30 ஆட்டத்தில் இரண்டே வெற்றி கண்ட அணி அடுத்த எட்டையும் வரிசையாக வெல்ல வேண்டும், அவ்வளவுதான். அதே வெற்றி விகிதத்தில் பார்த்தால் அது நடக்கும் வாய்ப்பு சுமார் 256 கோடியில் ஒன்று. "வாய்ப்பு இருக்கிறது" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. உபயோகமாகவும் எதுவும் சொல்லவில்லை.

ஆக, கேள்விகள் இரண்டு. தப்பிப்பது சாத்தியமா என்பது ஒன்று. அதற்குப் பதில் ஆம் அல்லது இல்லை. எவ்வளவு சாத்தியம் என்பது இன்னொன்று. அதற்குப் பதில் நூற்றுக்கு இத்தனை என்று வரும். இந்த இரண்டாவதுதான் நிகழ்தகவு.

இருபது சீட்டும் ஒரு டம்ளரும்

நிகழ்தகவைக் கம்ப்யூட்டர் இல்லாமலே தொட்டுப் பார்க்கலாம். காகிதத்தில் இருபது சின்னச் சீட்டுகள் வெட்டுங்கள். ஆறில் "வெற்றி", ஐந்தில் "டிரா", ஒன்பதில் "தோல்வி" என்று எழுதி மடித்து டம்ளரில் போடுங்கள். இது நம் கற்பனை அணி: நூற்றுக்கு 30 வெற்றி, 25 டிரா, 45 தோல்வி. அடிவார அணிக்குக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்திருக்கிறேன். இந்த வேகத்தில் 38 ஆட்டம் ஆடினால் 43, 44 புள்ளி வரும்.

மீதி மூன்று ஆட்டம். ரசிகர் சொல்கிறார்: "மூன்றில் இரண்டு ஜெயித்தால் போதும்." ஒரு சீட்டை எடுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். மூன்றுமுறை எடுத்தால் ஒரு பருவ முடிவு. இதையே நூறு தடவை செய்தால் ஆறு புள்ளியோ அதற்கு மேலோ எத்தனை தடவை வரும்? சுமார் 22. நாலில் ஒன்றுகூட இல்லை. நாலு புள்ளி போதும் என்றால்? 47. ஆறிலிருந்து நாலுக்கு, இரண்டே புள்ளி குறைந்ததும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் போய்விட்டது. பிப்ரவரியில் 90ஆம் நிமிடம் வாங்கிய கோலால் வெற்றி டிராவாகி இரண்டு புள்ளி போனபோது "சரி, விடு" என்று சொல்லியிருப்போம். அதன் கனம் மே மாதம்தான் தெரியும்.

இன்னும் ஒரு படி. நம் அணி மூன்று புள்ளி பின்னே, மீதி மூன்று ஆட்டம், முன்னே இருக்கும் போட்டியாளரும் அதே பலம், கோல் வித்தியாசத்தில் நாமே மேல், இருவரும் தமக்குள் மோதப்போவதில்லை என்று வைத்துக்கொள்வோம். "ஒரே ஒரு வெற்றிதானே வித்தியாசம்" என்று தோன்றும். இப்போது இரண்டு டம்ளர் வேண்டும், ஏனென்றால் அவர்களும் சீட்டு எடுப்பார்கள். நாம் எட்டிப் பிடிக்கும் வாய்ப்பு இங்கேயும் 22 அளவில்தான் வருகிறது. நாம் வெல்லும் நாட்களில் சிலவற்றில் அவர்களும் வெல்வார்கள் என்பதை மனம் லேசில் ஏற்பதில்லை. நம் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. அதனால் அவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பதாக ஒரு பிரமை.

"சூப்பர் கம்ப்யூட்டர் கணிப்பு" என்று செய்தியில் வருவது இந்த டம்ளர் வேலைதான், பெரிய அளவில். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனி டம்ளர். அணிகள் இதுவரை அடித்த, வாங்கிய கோல்கள், ஆட்டம் யார் மைதானத்தில், பந்தயச் சந்தை என்ன விலை சொல்கிறது என்பதையெல்லாம் வைத்து ஒவ்வொரு டம்ளரிலும் சீட்டு விகிதத்தை மாற்றுவார்கள். பிறகு மீதிப் பருவம் முழுவதையும் பல்லாயிரம் தடவை ஆடவைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி ஓட்டம். பத்தாயிரம் மாதிரி ஓட்டங்களில் ஓர் அணி ஏழாயிரத்தில் கடைசி மூன்றுக்குள் விழுந்தால் "தரமிறங்கும் வாய்ப்பு 70 சதவீதம்" என்று தலைப்பு வரும். ஆரூடம் எதுவும் இல்லை. அந்த அணி தப்பித்துவிட்டால் கணிப்பு பொய்த்தது என்று கேலி செய்வதிலும் பொருள் இல்லை. பத்தில் மூன்று தடவை தப்பிக்கும் என்றுதான் அதுவும் சொன்னது.

சுருக்கமாக: சாத்தியம் என்பது பெருக்கல் கணக்கு. நிகழ்தகவு என்பது மீதி ஆட்டங்களைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்து எண்ணும் கணக்கு. அதில் போட்டியாளர்களும் ஆடுகிறார்கள்.

எல்லோரும் தோற்க முடியாது

ரசிகர் போடும் பட்டியலில் அடிக்கடி வரும் வரி: "நாம் ஜெயிக்க வேண்டும், அவனும் தோற்க வேண்டும், இவனும் தோற்க வேண்டும்." ஆட்ட அட்டவணையைப் பார்த்தால் அவனும் இவனும் அதே சனிக்கிழமை ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். இருவரும் தோற்க வழியே இல்லை. ஒருவர் வென்றால் மூன்று புள்ளி வெளியே வரும். டிரா என்றால் ஒன்றும் ஒன்றும் இரண்டு.

அப்படியானால் நமக்கு எது நல்லது? அது நாம் யாரை முந்த வேண்டும் என்பதைப் பொறுத்தது. இருவரில் ஒருவரை முந்தினால் தப்பிவிடலாம் என்றால், யாராவது ஒருவர் வெல்லட்டும். தோற்றவர் அதே இடத்தில் நிற்பார், அவரைப் பிடித்துக்கொள்ளலாம். இருவரையுமே முந்தியாக வேண்டும் என்றால் டிராதான் நல்லது. எவரும் மூன்று புள்ளி தாவ மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டால், சம்பந்தமே இல்லாத இரண்டு அணிகளின் ஆட்டத்தில் 85ஆம் நிமிடம் ஒரு கோல் விழுந்ததும் யார் சிரிப்பது, யார் தலையில் கை வைப்பது என்று புரியும்.

நம் அணியே போட்டியாளரோடு மோதினால் அதை "ஆறு புள்ளி ஆட்டம்" என்பார்கள். வென்றால் நமக்கு மூன்று கூடும், அவர்களுக்கு எதுவும் கூடாது. தோற்றால் நேர் எதிர். இரண்டு முடிவுகளுக்கும் நடுவே இடைவெளி ஆறு புள்ளி மாறுகிறது. முதலிடத்து அணியோடு ஆடும் ஆட்டத்துக்குத்தான் இங்கே கூட்டம் கூடுகிறது. தரமிறக்கத்தில் அந்த ஆட்டத்துக்கு அவ்வளவு பாரம் கிடையாது. 16ஆம் இடத்துக்கும் 18ஆம் இடத்துக்கும் நடக்கும் அழுது வடியும் ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. விதி அங்கேதான் எழுதப்படுகிறது.

டம்ளருக்குள் வராதவை

2015 மார்ச் முடிவில் லெஸ்டர் சிட்டி 29 ஆட்டத்தில் 19 புள்ளியோடு கடைசி இடத்தில் கிடந்தது. தப்பிக்கும் இடம் ஏழு புள்ளி தள்ளி. அந்த வேகத்தில் போயிருந்தால் 25 புள்ளியில் முடிந்திருக்கும். மீதி ஒன்பதில் ஏழு வெற்றி, ஒரு டிரா, 22 புள்ளி. 41 புள்ளியோடு 14ஆம் இடம். அடுத்த ஆண்டு சாம்பியன். தங்கள் அணி எவ்வளவு கீழே கிடந்தாலும் ரசிகர்கள் லெஸ்டரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

அழைக்கட்டும். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று கடைசி இடத்தில் இருந்துவிட்டுத் தப்பிய அணிகள், பிரீமியர் லீக் தொடங்கிய 1992 முதல் 2024–25 வரையிலான 33 பருவங்களில் நான்கே நான்கு: வெஸ்ட் பிராம், சண்டர்லாந்து, லெஸ்டர், வுல்வ்ஸ். இறங்கிய மற்ற இருபத்தொன்பதை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை.

களத்துக்கு வெளியே நடப்பதையும் சீட்டு காட்டாது. 1996 டிசம்பரில் மிடில்ஸ்பரோ அணியில் பலருக்கு உடல்நலமில்லை, காயம் என்று சொல்லி பிளாக்பர்னோடு ஆடப் போகவில்லை. மூன்று புள்ளி வெட்டு. பருவ முடிவில் அவர்கள் 39 எடுத்து இறங்கினார்கள்; 41 எடுத்த கோவென்ட்ரி தங்கியது. வெட்டு விழாதிருந்தால் 42. இறங்கியது கோவென்ட்ரியாக இருந்திருக்கும். 2023–24இல் நிதி விதிகளை மீறியதற்காக எவர்ட்டனுக்கு முதலில் 10 புள்ளி வெட்டினார்கள், மேல்முறையீட்டில் அது ஆறானது, பிறகு இன்னொரு வழக்கில் இரண்டு போயிற்று. ஃபாரஸ்டுக்கு நான்கு. பட்டியலில் ஓர் அணியின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அடிக்குறிப்பைப் படித்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

கடைசி ஞாயிறு

பிரீமியர் லீக்கின் கடைசி நாளில் பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். இப்போதெல்லாம் அங்கே மாலை நான்கு மணி, நமக்கு இரவு எட்டரை. மற்றவர் முடிவைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப யாரும் ஆடிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், அல்ஜீரியா தன் ஆட்டங்களை முடித்துவிட்ட மறுநாள் ஆடி, இருவருமே அடுத்த சுற்றுக்குப் போக வசதியான 1–0 என்ற முடிவோடு பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார்கள். அல்ஜீரியா வெளியேறியது. அதன் பிறகுதான் உலகக் கோப்பையிலும் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைத்தார்கள்.

ஒரே நேரம் என்பதால் புள்ளிப் பட்டியல் நிமிடத்துக்கு நிமிடம் புரளும். 2005 மே 15 அதற்கு நல்ல உதாரணம். காலையில் நார்விச் 33, சவுத்தாம்டன் 32, கிரிஸ்டல் பேலஸ் 32, வெஸ்ட் பிராம் 31. நால்வரில் ஒருவருக்கு மட்டுமே இடம். நார்விச்சுக்கு விதி தன் கையில், வென்றால் போதும். அவர்கள் ஃபுல்ஹமிடம் 6–0 என்று நொறுங்கினார்கள். சவுத்தாம்டன் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக முன்னிலை பெற்று, பிறகு 2–1 என்று தோற்றது. பேலஸ் சார்ல்ட்டனில் 2–1 என்று முன்னே நின்றது. அப்படியே முடிந்திருந்தால் 35 புள்ளி, தப்பித்தாயிற்று. 82ஆம் நிமிடம் சார்ல்ட்டன் சமன் செய்தது. இடைப்பட்ட நேரத்தில் வெஸ்ட் பிராம் போர்ட்ஸ்மத்தை 2–0 என்று வென்று 34 புள்ளியோடு, மற்ற முடிவுகளுக்காகக் காத்து நின்றது. பேலஸ் 33, நார்விச் 33, சவுத்தாம்டன் 32.

காலையில் கடைசி இடத்தில் இருந்த அணி மாலையில் 17ஆம் இடத்துக்கு வந்தது. அன்று அதன் வாய்ப்பு சுழி இல்லை, நூறும் இல்லை. நடுவில் எங்கோ, குறைந்த பக்கத்தில் இருந்தது. மறு ஆண்டு அதே வெஸ்ட் பிராம் 30 புள்ளி எடுத்து இறங்கியது.